ரோஸ் கலர் கேரண்டி

எனக்கு எதையும் கேரண்டியோடு சொல்லித்தான் பழக்கம். தென்னூரில் லுங்கிக் கடை. சாயம் போகாது என்று தினமும் சொல்கிற வாய் மற்ற நேரத்தில் மட்டும் சும்மா இருக்குமா?

எங்கள் வாசலில் ஒரு சிவப்பு அந்திமந்தாரை நின்றது. ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரங்கசாமி கொடுத்த வெள்ளையைப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலத்து அந்துப்பூச்சிகள் தரகு பார்த்திருக்க வேண்டும். விதை உதிர்ந்து முளைத்ததில் சில செடிகள் ரோஸ் கலரில் பூத்தன.

என் மகளைப் பெண் பார்க்க வந்த மணப்பாறை அப்துல் சுக்கூர் பாய் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். ரோஸ் செடியின் கறுப்பு விதைகளைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

“மிளகு மாதிரி இருக்கும் பாய், ரசத்துல போட்டுடாதீங்க. ரோஸ் கலர் கேரண்டி.”

அதே மூச்சில் இன்னொரு கேரண்டியும் கொடுத்துத் தொலைத்தேன். “ஹஃப்ஸா அப்படியே அம்மா மாதிரி. அதிர்ந்து பேச மாட்டா.”

என் மனைவி மஜீதா பேசினால் பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்காது. மகள் ஹஃப்ஸாவோ ஸ்கூலில் தாவரவியல் டீச்சர்; மைக் தேவைப்படாத டீச்சர். என் அம்மா சாரா பீவி சத்தம் போட்டால் புறப்பட்ட பஸ் நிற்கும். அந்தத் தொண்டை எனக்குப் பாதிதான் வந்தது. கடையில் கத்துவேன், வீட்டில் கேட்டுக்கொள்வேன்.

மாப்பிள்ளை ஹாலித் துபாயிலிருந்து லீவில் வந்ததும் நிச்சயம் என்று பேச்சு. அவர் வருவதற்குள் சுக்கூர் பாய் வந்து நின்றார். முகத்தில் கோபம், கையில் முறுக்கு. மணப்பாறைக்காரர், சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வர மனசு வராது.

“என்ன பாய் இது?” என்று போனை நீட்டினார். அவர் வாசலில் சிவப்பு, வெள்ளை, ரோஸ் எல்லாம் கலந்துகட்டிப் பூத்திருந்தன. பின்னால் புதிதாக ரோஸ் பெயின்ட் அடித்த சுவர்.

“உங்களை நம்பி செவுத்துக்கே ரோஸ் அடிச்சேன். தெருவே சிரிக்குது. பூ விஷயத்துலயே இப்படின்னா, பொண்ணைப் பத்தி சொன்னதை எப்படி நம்புறது? நிச்சயத்தையே யோசிக்கணும் போலிருக்கு.”

நான் போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். “மண்ணு பாய்... உங்க ஊரு மண்ணு...”

“மண்ணு மேல பழி போடாதீங்க அத்தா!”

உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் முறுக்கு நொறுங்காதது ஆச்சரியம். நிச்சயத்துக்கு முன்னால் பெண் மாமனார் எதிரில் வந்து பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மஜீதா கையைப் பிடித்து இழுத்தும் ஹஃப்ஸா நிற்கவில்லை.

“மாமா, ஒவ்வொரு செடியும் கலருக்குன்னு ரெண்டு பங்கு வச்சிருக்கும். ரோஸ்கிட்ட சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. விதை பிடிக்கும்போது அது ரெண்டும் பிரிஞ்சிடும். திரும்ப சிவப்பும் சிவப்பும் சேர்ந்தா சிவப்பு, வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தா வெள்ளை. ஒண்ணுக்கொண்ணு மாறிச் சேர்ந்தாதான் ரோஸ். உள்ள ஒளிஞ்சிருக்கிற பாட்டி பேத்திகிட்ட வெளிய வந்துடுவா!”

அவள் பாடம் நடத்தி முடித்தபோது தெருவில் ஒரு ஆட்டோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

சுக்கூர் பாய் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “அம்மா மாதிரின்னீங்க.”

“எங்கம்மா மாதிரி பாய்.”

“அதிர்ந்து பேச மாட்டான்னும் சொன்னீங்க.”

“அவ அதிர மாட்டா. கேக்குறவங்கதான் அதிருவாங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தால், சிரிப்பு.

“எங்க வீட்ல நான், என் சம்சாரம், பையன் மூணு பேருமே வெள்ளைப்பூ பாய். வாயே திறக்க மாட்டோம். ஹோட்டல்ல சாம்பார் வரலேன்னா வெறும் இட்லியைத் தின்னுட்டு வர்றவன் ஹாலித். இந்தக் கோபத்துக்கே நான் பஸ்ல ஒத்திகை பார்த்துட்டு வந்தேன். எங்களுக்காகக் கேக்கறதுக்கு ஒரு சிவப்பு வேணும்.” பிறகு ஹஃப்ஸாவைப் பார்த்தார். “சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தா என்னம்மா வரும்?”

“பூவுல எல்லாமே ரோஸ்தான் மாமா. மனுஷங்க கணக்கு அவ்வளவு லேசு இல்ல,” என்றாள். என் மகள் பேசி, அப்போதுதான் முதல்முறையாக நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. அசல் மஜீதா குரல்.

“அப்ப செவுரு அப்படியே இருக்கட்டும், பேரப்பிள்ளைங்களுக்கு மேட்ச் ஆகும். என்ன பாய், கேரண்டியா?”

நான் அவசரமாக ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.