டில்லிக்குப் போன கம்பளி

நான் டிரில் மாஸ்டர். பெயர் வீரையா. போடியில் என் விசில் சத்தம் கேட்டால் தெருநாய்கூட நேராக நிற்கும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் "நான் சொன்னது தப்பு" என்று யாரிடமும் சொன்னதும் இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கோடை விடுமுறையில் எங்கள் சாரணர் படையை டில்லிக்குக் கூட்டிப்போய்த் தலைநகரத்தைக் காட்டுவது என்று முடிவானது. பதினாறு பையன்கள். எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துத் தந்தவர் ஊரிலிருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர். யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வர ஆரம்பித்த புதிது. பாதிப் பையன்கள் ரயிலில் ஏறியதே இல்லை.

என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். காக்கி உடுப்பு இரண்டு, கழுத்துத் துணி, தட்டு, தம்ளர், கைத்தடி, கம்பளி ஒன்று. கம்பளி இல்லாதவன் ரயிலேற முடியாது என்று வாயாலும் சொன்னேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு மேலே என்றால் குளிர். போடியில் வேர்த்துக் கொட்டும்போது மலை உச்சியிலிருக்கும் மெட்டுக்கு ஏறினால் பல் கிட்டும். பிறந்ததிலிருந்து நாங்கள் கண்டது அதுதான். வகுப்பில் மாட்டியிருக்கும் தேசப்படத்தில் டில்லி எங்கே இருக்கிறது? மேலே, இமயமலைக்குக் கொஞ்சம் கீழே. போதாததற்கு என் மச்சினன் சோணை பட்டாளத்தில் டில்லியில் இருந்தவன். காலையில் வாளித் தண்ணீரில் கை விட்டால் விரல் மரத்துப்போகும் என்று சொல்லியிருந்தான். எந்த மாதத்தில் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பூகோள வாத்தியார் கன்னையன் மட்டும் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"வீரையா, மே மாசம் டில்லியில நெருப்புக் காத்து அடிக்கும்யா. கம்பளி எதுக்கு?"

"நீரு படத்துல பாத்த டில்லி. எம் மச்சினன் குடியிருந்த டில்லி. எது பெருசு?" என்றேன்.

அவரைக் கூட்டிப்போகாத எரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பதினாறு பேரில் ஒருவன் காசிராஜன். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ராக்குவின் மகன். தகப்பன் இல்லை. போடியில் விடுதியில் தங்கிப் படித்தான். புறப்படுவதற்கு முதல் நாள் ராக்கு மலையிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் ஒரு கறுப்புக் கம்பளி. தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். மழைக்காலம் முழுக்க அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் களை எடுப்பார்கள். அது இல்லாவிட்டால் அந்த மழையில் அரை நாள் நிற்க முடியாது.

"சார், இது தோட்டத்துக் கம்பளி. வைகாசிக் கடேசியில மழை எறங்கிரும். அதுக்கு முந்தி வந்துருவீகள்ல?"

"வந்து சேர்ற தேதிய எழுதியே வச்சிருக்கேன் தாயி. ஒன் கம்பளி ஒன் கைக்கு வந்துரும். எம் பொறுப்பு."

"பச்சப்புள்ள குளுர்ல கெடக்கக் கூடாது சார். எனக்கு அம்புட்டுத்தேன்" என்று சொல்லி, கம்பளியை மகனிடம் கொடுத்துவிட்டு அப்போதே மலைக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இருந்தது.

மதுரை, சென்னை, அங்கிருந்து டில்லி. நாக்பூர் வரும்போது ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். "இது நடுவழிடா. இன்னும் மேல போனாக் குளுரும்" என்றேன். நம்பினார்கள். பாவம், நானும் நம்பினேன்.

டில்லியில் இறங்கியபோது பகல் ஒரு மணி. காற்று அடித்தது. அதைக் காற்று என்று சொல்லக்கூடாது; அடுப்பைத் திறந்து முகத்துக்கு நேராக வைத்தது போல் இருந்தது. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பஞ்சாபிச் சாரணர் படை இறங்கியிருந்தது. தோளில் கறுப்புக் கம்பளியோடு பதினாறு பேர் வரிசையாக உள்ளே நுழைந்ததைப் பார்த்து அந்தப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் சிரிப்பு புரிந்தது.

மறுநாளே மொக்கையன் வெயில் தாங்காமல் காய்ச்சலில் விழுந்தான். அவனைக் கடைசியிலிருந்த சின்ன அறையில் தனியாகப் படுக்கவைத்தோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது காசிராஜன் தன் கம்பளியை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?" என்று கத்தினேன்.

"ஆபீஸ் ரூம்பு ஜன்னல்ல வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணி தெளிக்கிறாக சார். உள்ள சில்லுன்னு இருக்கு. நம்மகிட்டத் தட்டி இல்ல, கம்பளி இருக்குல்ல?"

சொட்டச் சொட்ட அதைக் கொண்டுபோய் மொக்கையன் படுத்திருந்த அறை ஜன்னலில் கட்டினான். கொஞ்ச நேரத்தில் ஈரக் கம்பளி வாடையோடு குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. மொக்கையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். மற்றப் பையன்கள் தங்கள் கம்பளிகளைக் கூடத்து ஜன்னல்களில் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் சிரித்த பஞ்சாபிப் பையன்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இதுக்குத்தான்டா கம்பளி கொண்டாரச் சொன்னேன்" என்று நான் பையன்களிடம் சொன்னேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன். காசிராஜன் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

நான்கு நாள் சுற்றினோம். செங்கோட்டை, பார்லிமெண்டுக் கட்டடம், ராஜ்காட். குதுப்மினாரில் மற்ற ஊர்ப் பையன்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் எங்கள் பையன்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். "மெட்டுல பாதி இருக்குமா சார்?" என்று உச்சியிலிருந்து ஒருத்தன் கேட்டான். பெருமையாக இருந்தது. மொக்கையனும் தேறிவிட்டான்.

கிளம்பும் நாள் எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற வண்டி பிந்தி வந்ததால் எனக்கு ஒரே பதற்றம். பையன்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது ஆள் கையைத் தூக்கினான். காசிராஜன்.

"சார், என் கம்பளி அந்தச் சின்ன ரூம்பு ஜன்னல்ல..."

"வரிசையில நின்னுக்கிட்டுப் பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? ஒருத்தனும் நகரக் கூடாது. வெரசா ஏறு வண்டியில!"

விசிலை ஊதினேன். அவன் ஏறிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பையன்.

ஆக்ரா தாண்டித்தான் கவனித்தேன். மற்றவர்கள் கம்பளியை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மட்டும் வெறும் பலகையில்.

"எங்கடா ஒன் கம்பளி?"

"ஜன்னல்ல இருக்கு சார். நீங்க நகரக் கூடாதுன்னீக."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். என் பொறுப்பு என்று ராக்குவிடம் நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். போடி வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழை எங்களை முந்திக்கொண்டது. போடி ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் மேற்கே மலையைக் காணோம். மேகம் அப்படி மூடியிருந்தது. சோணை பட்டாளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த என் கம்பளியைக் காசிராஜனிடம் நீட்டினேன்.

"வேணாம் சார். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் சொல்லிக்கொள்வான், நான் போய் நிற்க வேண்டியதில்லை. இரண்டு நாள் அந்த நிம்மதியிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் பல் துலக்க வாசலுக்கு வந்து மலைப் பக்கம் பார்த்தேன். மேகம் கலையவே இல்லை. அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை. காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு, கம்பளியைத் தூக்கிக்கொண்டு, லோடு ஏற்றிப்போன ஜீப்பில் தொற்றி மெட்டுக்குப் போனேன். அங்கிருந்து தோட்டத்துக்கு நடை. போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். கம்பளியை மட்டும் கித்தான் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தேன்.

ஏலச்செடிகளுக்கு நடுவே பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் கம்பளி. ஒருத்தி தலையில் மட்டும் சணல் சாக்கு. அது ஊறிப்போய் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் காசிராஜனும் குனிந்திருந்தான். லீவு நாளில் அம்மாவுக்குக் கை கொடுக்கிறான்.

"அடடே, சாரு வந்திருக்காக!" ராக்கு நிமிர்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. "பய எல்லாம் சொன்னான் சார். டில்லியில கொல்லுற குளுராம்ல? காச்சக்காரப் பயலுக்குப் போத்தக் குடுத்துட்டு வந்துட்டானாம். நல்ல காரியந்தேன். கம்பளி இல்லாட்டி எம்புள்ள பாடு என்னாயிருக்கும்!"

காசிராஜன் என்னையே பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, கம்பளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பையன் வழி பண்ணி வைத்திருந்தான். ஆனால் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தலை ஆடவில்லை.

"தாயி, டில்லியில குளுரே இல்ல. தீயாக் கொதிச்சுச்சு. கம்பளி தேவையே இல்ல, நாந்தான் தெரியாமக் கொண்டாரச் சொன்னேன். கெளம்புறப்ப ஒன் மகன் எடுக்கணும்னு கேட்டான். நாந்தான் வெரட்டி வண்டியில ஏத்திட்டேன். தப்பு என்னுது."

ராக்கு என்னைப் பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, மண் அப்பிய கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏண்டா அப்பு, அம்புட்டு வெயில்லயா கெடந்த? எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"நீ குளுருமேன்னுதான குடுத்த..." என்று அவன் முனகினான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் யாருக்குத் தெரியும். "வீணாப் போகல தாயி. ஒன் கம்பளிய நனைச்சு ஜன்னல்ல கட்டித்தான் காச்சக்காரப் பயலக் குளுர வச்சான். ஒன் மகன் யோசன" என்றேன்.

"கம்பளி குளுர வச்சுச்சா!" ராக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏ ஆயம்மா, கேட்டியா? டில்லி சுடுதாம்டீ! நம்ம சாரு கம்பளி கொண்டுபோயிருக்காரு!" வரிசை முழுக்கச் சிரித்தது. வரிசையில் சிரித்ததற்காக எத்தனை பையன்களை நான் முட்டி போடவைத்திருக்கிறேன்! அன்றைக்கு நானும் நின்று சிரித்தேன்.

என் கம்பளியைப் பிரித்து மடித்து அவள் தலையில் போட்டுக்கொண்டாள். கழற்றிய சாக்கை நன்றாகப் பிழிந்து உதறி என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்கிருங்க சார். மெட்டு வரைக்கும் மழ விடாது."

மறுக்காமல் போட்டுக்கொண்டேன்.

இறங்கி வந்தால் போடியில் சுள்ளென்று வெயில். ஜீப்பிலிருந்து குதித்து நடக்கையில் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காக்கி உடுப்பு, இடுப்பில் விசில், தலையில் சாக்கு. அதைக் கழற்ற வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எதிரே குடை பிடித்துக்கொண்டு கன்னையன் வந்தார்.

"என்ன வீரையா, டில்லி எப்படி?"

"நீரு சொன்னதுதான்யா சரி. நெருப்புக் காத்து. நாந்தான் தப்பு."

கன்னையன் குடையைத் தாழ்த்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்பறம் இந்த வெயில்ல தலையில ஏன்யா சாக்கு?"

"மேல குளுருதுய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.