நீலப் பெட்டி

என் ஞானப்பிள்ளையை நான்தான் புதைத்தேன். எங்கே புதைத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தத் திமிரை இந்த ஊர் அடக்கிவிட்டது.

நாங்கள் வந்தபோது இங்கே இருந்தது ஒரு சுங்கச்சாவடி, ஒரு கிணறு, பதினோரு மண்வீடுகள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கர்களின் ஊர் லட்சணமும் அதேதான். பிறகு ரயில் வந்தது. செம்பு உருக்கும் ஆலை அந்தப் பக்கம், அதன் புகை மட்டும் இந்தப் பக்கம். தெற்கே நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். சாக்கு, தகரம், பழைய ரயில் கட்டை என்று கிடைத்ததை வைத்து வீடு கட்டினார்கள். சதுக்கத்தில் பேண்டு வாசிக்க மண்டபம் எழுந்தது, மின்விளக்கு எரிந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் இன்னும் அதே கிணற்றில்தான். பத்திரிகையில் முன்னேற்றம் என்று எழுதினார்கள். நானும் ஸ்டேஷனில் கோதுமை ரொட்டியும் பீன்ஸும் விற்று அந்த முன்னேற்றத்தைத் தின்றவள்தான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நிக்கனோராவும் நானும் சின்ன வயதிலிருந்து வாடி போடி என்று பழகியவர்கள். அவள் மகன் லினோவுக்கு நான் ஞானத்தாயான அன்றோடு அது நின்றது. அதன்பிறகு ஒருவரையொருவர் பேர் சொல்லக்கூடாது. பெற்றவளும் ஞானத்தாயும் ‘கொமாத்ரே, வாங்க’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். கூடப்பிறந்தவளைவிடப் பெரிய உறவு அது.

லினோ இரண்டு வயதில் காய்ச்சலில் போனான். சின்னப் பிள்ளை செத்தால் எங்களுக்கு அது தேவதூதன். தாய் அழுதால் அதன் சிறகு நனைந்துவிடும். அதனால் பெற்றவள் கல்லறைக்கு வருவதில்லை. உடுத்துவது, கிரீடம் வைப்பது, பிடில்காரன் பின்னால் கொண்டுபோய்ப் புதைப்பது எல்லாம் ஞானத்தாய் பொறுப்பு. தேவலோகத்து வழியில் முள் குத்தாமலிருக்க, தங்கக் காகிதத்தில் செருப்பு வெட்டிப் போட்டேன். சுங்கக் கிடங்கிலிருந்து சோப்புப் பெட்டிப் பலகை கொண்டுவந்து என் புருஷன் பெட்டி அடித்தான். அந்தப் பெட்டி வாசலுக்கு வந்தபோது நிக்கனோராவைப் பின்கட்டுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

“கருவேல மரத்துலேர்ந்து பன்னெண்டு அடி, கொமாத்ரே. கண்ணை மூடிக்கிட்டு காட்டுவேன்” என்று அவளிடம் சொன்னேன்.

அந்த மாதமே அவள் புருஷனோடு மலைச் சுரங்கத்துக்குப் போனாள். எட்டு வருஷம் கழித்து விதவையாகத் திரும்பினாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “வருஷா வருஷம் மெழுகுவத்தி வச்சீங்களா, கொமாத்ரே?”

“வைக்காம இருப்பேனா?” என்றேன்.

மூன்று வருஷம் வைத்தேன். கல்லறைத் திருநாளன்று ரயில் நிரம்பி வழியும், அன்றைக்குத்தான் ரொட்டி நன்றாக விற்கும். அப்புறம் போகவேயில்லை.

அவள் வந்த மறுமாதம் ஊரில் தண்டோரா போட்டார்கள். ரயில் யார்டைப் பெரிதாக்கப் பழைய கல்லறை வேண்டுமாம். பதினைந்து நாளுக்குள் அவரவர் எலும்பை எடுத்துக் குன்றுமேல் புதுக் கல்லறையில் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தின்மேல் மண் கொட்டித் தண்டவாளம் போடுவார்கள்.

கடைசி நாள் காலையில்தான் எங்கள் முறை வந்தது. போய்ப் பார்த்தால் கருவேல மரம் இல்லை. சிலுவைகளும் இல்லை. குளிருக்கு விறகில்லாத புதுக் குடிசைக்காரர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்திருந்தார்கள். அவர்களை மட்டும் என்ன சொல்ல? என் அடுப்பிலும் அந்தக் கட்டை எரிந்திருக்கும். விறகுக்காரனிடம் எங்கே வெட்டினாய் என்று நான் என்றைக்காவது கேட்டேனா?

குழி வெட்டும் சபாஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். “சீக்கிரம் காட்டுங்க எவுலாலியாக்கா. செத்தவங்களுக்குப் பொறுமை இருக்கு, இன்ஜினியருக்கு இல்ல.”

நிக்கனோரா என் முகத்தையே பார்த்தாள். ஒரு சின்ன மேட்டைக் காட்டினேன்.

முழங்கால் ஆழத்தில் பெட்டி தட்டுப்பட்டது. நீலப் பெயிண்ட். மூடியில் பித்தளை ஆணிகள். அது லினோவின் பெட்டி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

நிக்கனோரா மண்டியிட்டு மூடியைத் தடவினாள். ஒவ்வொரு ஆணியாகத் தொட்டாள். “நீலமா, கொமாத்ரே? நீங்க சொல்லவே இல்லையே. என் புள்ளைக்கு இவ்வளவு அழகா செஞ்சீங்களா!”

“அவனுக்குப் புடிக்குமேன்னுதான்” என்றேன். நாக்கு கூசவில்லை. உங்கள் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பெட்டியைத் திறக்காமலே குன்றுமேல் புதைத்து, லினோ என்று பேர் எழுதிய சிலுவை நட்டாள். ஞாயிறுதோறும் போய்ச் சுற்றிலும் வெள்ளைக் கல் அடுக்கினாள். அவள் முகம் தெளிந்தது, உடம்பில் சதை பிடித்தது. ஒரு பொய்யால் ஒருத்தி பிழைத்துப்போனால் போகட்டுமே என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூங்கினேன்.

கல்லறைத் திருநாள் காலையில் இருவரும் சாமந்திப் பூவோடு போனோம். அங்கே ஒரு மெலிந்த பெண் கல்லறை கல்லறையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். பேர் ஓத்திலியா. புருஷனுக்கு ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. புது லைன் போடக் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்குத் தண்டோராச் செய்தி எட்டவில்லை.

“அம்மா, ஒரு நீலப் பெட்டி பாத்தீங்களா? எம் பொண்ணு செனோவியா. மிஞ்சின பெயிண்ட்ட வச்சு அவ அப்பாதான் அடிச்சாரு.”

“பாக்கலம்மா. இங்க நீலம்னு எதுவுமே வரல” என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

நிக்கனோரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஓத்திலியாவிடம் கேட்டாள். “மூடியில ஏதாவது அடையாளம் உண்டா?”

“பித்தளை ஆணியாலயே ஒரு சிலுவை அடிச்சாரு. ஒரு ஆணி பத்தல. அதனால வலது கை குட்டையா இருக்கும்.”

நிக்கனோராவின் விரல்கள் காற்றில் எதையோ தடவின. அன்றைக்கு அந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த விரல்கள் அவை. பூவை ஓத்திலியாவின் கையில் திணித்தாள். லினோவின் சிலுவையை இரண்டு கையாலும் அசைத்து அசைத்துப் பிடுங்கினாள்.

“உம் பொண்ணு இங்கதான் இருக்கா. உக்காரு. அழுவாத தாயி, றெக்கை நனைஞ்சிரும்.”

பிறகு என்னிடம் வந்தாள். “எம் புள்ள எங்க?”

குன்றுக்குக் கீழே கைகாட்டினேன். அங்கே மாடுகளை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. எத்தனையாவது தண்டவாளத்துக்குக் கீழே என்று எனக்குத் தெரியாது.

சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் இறங்கினாள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். “கொமாத்ரே, நில்லுங்க! கொமாத்ரே!”

அவள் திரும்பி நின்றாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

“நீ வராத, எவுலாலியா.”