அரசாணிக்குப் பத்தியம்

ஹெப்பாளில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த ரத்தினவேலின் உடம்பையும் மீசையையும் பார்த்தவர்கள், அவர் மடியில் ஒரு பூனை தூங்கும் என்று நம்பமாட்டார்கள். ஒரு மழை நாளில் கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாளைக்கே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவி உமாதேவியிடம் சொன்னவர், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பரங்கிக்காயை அவர்கள் ஊரான ஹனூர்ப் பக்கம் அரசாணி என்பார்கள். பழுத்த அரசாணியின் நிறத்தில் இருந்ததால் அதுவே குட்டிக்குப் பெயராயிற்று. கடுவன் பூனைதான், ஆனாலும் அந்தப் பெயருக்குத்தான் ஓடிவந்தது.

இரண்டு வருஷம் நன்றாக வளர்ந்த அரசாணி, இந்தக் கோடையில் சொறிய ஆரம்பித்தது. கழுத்தில் பொடிப்பொடியாகப் புண், அடிவயிற்றில் நக்கி நக்கி முடியே இல்லை. ரத்தினவேல் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டார். பூனை அப்படியே போய்ப் புது சோபாவில் புரண்டது. அன்று சாயங்காலம் சோபா, ஜன்னல் திரை, பூனை மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தன. உமாதேவி அவர் கையில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தாள்.

கால்நடை டாக்டர் வினிதா சின்ன வயதுப் பெண். முடியைக் கொஞ்சம் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் பூஞ்சை எதுவும் தெரியவில்லை என்றார். தெள்ளுப்பூச்சி இருக்கலாம் என்று பிடரியில் சொட்டு மருந்து விட்டார். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டை மாட்டினார். பிறகு, இது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். குட்டியிலிருந்தே கோழிதான் என்று ரத்தினவேல் பெருமையாகச் சொன்னார். அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். ரத்தினவேலுக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை நாள் ஒத்துக்கொண்டது இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? நாள்பட்டுச் சாப்பிட்ட சாப்பாடுதான் பெரும்பாலும் அலர்ஜியாக மாறும் என்று டாக்டர் விளக்கினார். இனி இரண்டு மாதத்துக்கு, அது இதுவரை ருசியே பார்க்காத ஒரே ஒரு கறி. உப்பில்லாமல் வேகவைத்து, அதில் அவர் தரும் சத்துப்பொடியைக் கலந்து கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பால், பிஸ்கட், வேறு எதுவும் ஒரு துளிகூடக் கூடாது.

அரசாணி ருசி பார்க்காதது ஆட்டுக்கறிதான். வீட்டில் நோம்பி, பண்டிகை நாளுக்கு மட்டும் எடுப்பது. அன்றைக்கு அதற்கு எங்கே மிஞ்சும்?

“நமக்குக் கீரைக் கொழம்பு, அவருக்கு ஆட்டுக்கறி. நடக்கட்டுங்க, நடக்கட்டும்,” என்றாள் உமாதேவி. ஆனால் குக்கரை ஏற்றியது அவள்தான். பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தை எறிந்துவிட்டு ஸ்டீல் கிண்ணம் வைத்ததும், படுக்கைத் துணியை வெந்நீரில் அலசிப் போட்டதும்கூட அவள்தான்.

பட்டையோடு வீட்டுக்குள்ளேயே இருந்தவரை புண் காய்ந்தது. பட்டையைக் கழற்றி, வழக்கம்போல வெளியே உலாவ விட்டார்கள். மறுபடி சொறிய ஆரம்பித்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வெளியில் எங்கேயாவது சாப்பிடுகிறதா என்று கேட்டார். ரத்தினவேலுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தவிர யார் கொடுத்தாலும் அது முகர்ந்துகூடப் பார்க்காது என்று சாதித்துவிட்டு வந்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த வார விடுமுறையில், காலையில் லுங்கியோடு பூனைக்குப் பின்னாலேயே கிளம்பினார்.

அரசாணி அவசரமே படவில்லை. சுவர் மேல் நடந்து, இரண்டு வீடு தள்ளி இருந்த சித்தம்மாவின் பின்வாசலில் குதித்தது. பேரன் பேத்தி எல்லோரும் மூன்று மணி நேரம் தள்ளிப் பெங்களூரில் இருக்க, தனியாக இருந்த அந்த அம்மாள், “பா ராஜா, பா” என்று கன்னடத்தில் கூப்பிட்டுக் கொஞ்சி, சோற்றில் கோழி ஈரலைப் பிசைந்து வைத்தாள். ராஜா சாப்பிட்டது. அதாவது அரசாணி சாப்பிட்டது. அது அங்கேயே மல்லாக்கப் புரண்டு வயிற்றைக் காட்டியபோதுதான் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

அங்கிருந்து பூனை தெருமுனையில் இருந்த பெண்கள் பி.ஜி.க்குள் நுழைந்தது. ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி அது. ரத்தினவேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் காவலுக்கு இருந்த பெண் கையில் துடைப்பத்தோடு வந்து, பெண்கள் இருக்கிற இடத்தில் உனக்கு என்ன பார்வை என்று கேட்டாள். பூனைக்கு அலர்ஜி என்று அவர் சொன்னது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏனுங்க, லேடீஸ் பி.ஜி. வாசல்லயா நிக்கறீங்க?” என்றாள் உமாதேவி. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் காவல்காரப் பெண் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

சத்தம் கேட்டுத் தமிழ்ப்ரியா என்ற பெண் பூனையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சேலத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவள்.

“எங்க அப்புவா உங்க பூனை? நாங்க தினமும் சிக்கன் கபாப் குடுக்கறோமே, அங்கிள்.”

“அதுதானுங்கம்மா அதச் சொறிய வெக்குது,” என்றார் ரத்தினவேல். கழுத்து முடியை விலக்கிப் புண்ணைக் காட்டினார்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டை விட்டு வந்த புதிதில், தூக்கம் வராத நாட்களில் இது வந்து காலடியில் படுத்ததால்தான் இங்கே நிலைத்தேன் என்றாள். இனி ஒன்றும் கொடுக்காதே என்று சொல்லத்தான் ரத்தினவேல் வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை. கொஞ்சம் யோசித்து, “குடுங்கம்மா. ஆனா என்ன குடுக்கறதுன்னு நான் கொண்டாந்து தர்றேன்,” என்றார்.

அன்றிலிருந்து உமாதேவி வேகவைத்த கறியைச் சின்ன டப்பாக்களில் பங்கு வைத்தாள். வேலைக்குப் போகும் முன் ரத்தினவேல் சித்தம்மா வீட்டிலும் பி.ஜி.யிலும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். சித்தம்மா காலி டப்பாவைத் திருப்பியதே இல்லை. ஒருநாள் அவல், ஒருநாள் கோடுபளே முறுக்கு என்று ஏதாவது நிரப்பித்தான் அனுப்பினாள். தமிழ்ப்ரியா லீவு நாளில் வந்து உமாதேவியிடம் கொழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து, முக்கால்வாசி நேரம் பூனைக்குத் தலை வாரினாள்.

சொறிவது நின்றது. அடிவயிற்றில் பூனைமயிர் மெத்தென்று அரும்பியபோது ரத்தினவேல் ஷிப்டு ஆட்களுக்கெல்லாம் போனில் போட்டோ காட்டினார். பிறகு டாக்டர் சொன்னபடி பழைய கோழியையும் புதிதாக மீனையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி கொடுத்த சில நாளிலேயே சொறிந்தது, நிறுத்தியதும் அடங்கியது. மீன் ஒன்றும் செய்யவில்லை. கோழிதான் குற்றவாளி, மீன் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் முடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேல் தேவராஜ மார்க்கெட் பக்கம் போய்ப் பை நிறைய மீன் வாங்கிவந்தார். மொட்டைமாடியில் எல்லோருக்கும் விருந்து. சித்தம்மா பட்டுச்சேலையில் வந்தாள். பி.ஜி. பெண்கள் கூட்டமாக வந்தார்கள், காவல்காரப் பெண் உட்பட. வினிதாவும் எட்டிப் பார்த்தார். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் தனிக் கிண்ணத்தில் காத்திருந்தது.

விருந்தாளியைத்தான் காணோம். ரத்தினவேல் அரசாணி என்றார், சித்தம்மா ராஜா என்றாள், பெண்கள் அப்பு அப்பு என்று கத்தினார்கள். எதிர்வரிசை வீட்டுப் பால்கனியில் போன வாரம்தான் குடிவந்த ஒரு பெண், இடுப்பில் ஆரஞ்சு நிறப் பூனையோடு எட்டிப் பார்த்து, எங்கள் சோனுவையா தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள்.

மாடி முழுக்கச் சிரிப்பு. உமாதேவி ஒரு தட்டில் சோறும் மீன் கொழம்பும் போட்டாள். ரத்தினவேல் பூனையின் கிண்ணத்தை ஒரு கையிலும் தட்டை இன்னொரு கையிலும் ஏந்தி, கோழி கூடாது என்பதைக் கன்னடத்தில் எப்படிப் பணிவாகத் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினார்.