துடைக்கப்பட்ட பன்னிரண்டு தகடுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. புதுச்சேரியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை.* பக்கத்து சீட்டுப் பெண்மணி மடியில் ஒரு டப்பாவை அணைத்துப் பிடித்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "என்னங்க, பலகாரமா?" என்று கேட்டேன்.

"துருங்க," என்றார்.

அவர் பெயர் ஹுமைரா. கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். இரும்பு துருப்பிடிப்பதை மூன்று வருடம் கவனித்துச் சொல்ல மத்திய அரசு அவருக்கு ஆராய்ச்சி நிதி கொடுக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோடு போடக் கொடுப்பார்கள், பாலம் கட்டக் கொடுப்பார்கள். ஒரு கேள்விக்கு விடை தெரியாது என்பதற்காகவும் கொடுப்பார்கள் என்று எங்கள் விழுப்புரத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

(* இந்த மழையை மறந்துவிடாதீர்கள். பிறகு பேசுவோம்.)

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று கோபமாக இரு—"

வேண்டாம். கடல் கோபப்பட்டதை நான் போய்ப் பார்த்தேனா?

இரண்டாம் தொடக்கம்: பொம்மையார்பாளையத்தில் சவுரியம்மாள் வீட்டு மொட்டை மாடியில் நாற்பத்தெட்டு இரும்புத் தகடுகள் கடலைப் பார்த்துத் தொங்குகின்றன. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பாதி வெறும் இரும்பு. மீதிப் பாதியில் ஹுமைரா தயாரித்த பூச்சு. அந்த ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், படகு இன்ஜின் போல்ட்டையும் தின்னும். அதை இந்தப் பூச்சு தாங்குமா என்பதுதான் கேள்வி. மாதம் ஒருமுறை தகடுகளைக் கழற்றி, கல்லூரிக்குக் கொண்டுபோய் எடை போட்டு, எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். இரண்டு மழைக்காலம் தாண்டியாயிற்று. மூன்றாவது மழையில்தான் பூச்சின் சாயம் வெளுக்குமா, நிற்குமா என்று தெரியும். அதற்கு மூன்றாம் வருட நிதி வேண்டும். நிதி வர ரிவியூ கமிட்டி தலையாட்ட வேண்டும்.

ரிவியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹுமைரா மாடி ஏறினார். கீழ்வரிசைத் தகடுகள் பன்னிரண்டும் பளபளவென்று மின்னின.

சவுரியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அரசாங்கத்துப் பொருளு மேடம், துருப்புடிச்சிக்கினு கெடக்குது. பெரிய ஆபீசருங்க வந்து பாத்தா உங்களத்தான திட்டுவாங்க? ரெண்டு நாளா உப்புத்தாள் போட்டுத் தேச்சி, தேங்காண்ணெ தடவி வெச்சிருக்கேன். மேல்வரிச எட்டல. ஒரு ஸ்டூலு குடுங்க, ஜல்தியா முடிச்சிடறேன்."

அடக் கடவுளே! இருபது மாதத்துத் துரு.

3

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். ஹுமைராவையும் கத்த வைத்து எழுதிப் பார்த்தேன். "அறிவிருக்கா உங்—" என்பதற்கு மேல் ஓடவில்லை. [கதாநாயகியை 'அவள்' என்று எழுதலாமா என்றும் பார்த்தேன். அதற்கும் கை வரவில்லை.]

அவருக்கு முதலில் கமிட்டி ஞாபகம்தான் வந்தது, அது நிஜம். ஆனாலும் பார்வை போனது சவுரியம்மாளின் விரல்களுக்கு. உப்புத்தாள் உரசிச் சிவந்திருந்தன.

"கை எரியலயாக்கா?" என்றார்.

அப்புறம் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "பாவி, கெடுத்துட்டனே! மறுபடி துருப்புடிக்க வெச்சிடலாமா மேடம்? உப்புத்தண்ணி வேணா ஊத்தட்டுமா?"

"அது தானா புடிக்கும்க்கா. நீங்க தொடாம இருந்தாப் போதும்."

4

துறைத் தலைவர் தென்னரசு கெட்டவர் கிடையாது. அந்தத் துறைக்கு வந்திருக்கும் ஒரே புராஜெக்ட் இது, போய்விடுமே என்ற பேஜாரு அவருக்கு.

"பத்தொம்போது மாசத்து நம்பர் கையில இருக்குதும்மா. கோடு எப்படி ஏறிக்கினு போவுதுன்னு தெரியுது. இந்த மாசத்துக்கு நீங்களே போட்டுக்குங்க. கமிட்டிக்காரங்க பொம்மையார்பாளையத்து மாடி ஏறவா போறாங்க?"

இங்கேதான் என் எழுத்தாளப் புத்தி வேலை செய்தது. ஹுமைரா மனம் தடுமாற வேண்டும், அப்போதுதான் கதை சூடு பிடிக்கும்:

"அவர் லேப்டாப்பைத் திறந்தார். பன்னிரண்டு கட்டங்களிலும் எண்களை நிர—"

இல்லை சார். முடியவில்லை. பேருந்தில் நானே கேட்டுவிட்டேன், கொஞ்சமாவது ஆசை வந்ததா என்று.

"வந்துச்சுங்க. வராம இருக்குமா? ஒரு நாள் முழுக்க சோறே எறங்கல. ஆனா கேள்வி கேட்டதே நான்தான? பதிலையும் நானே எழுதிட்டா, அப்புறம் அந்தத் தகடு எதுக்குங்க தொங்கிக்கினு இருக்குது?"

பன்னிரண்டு கட்டங்களிலும் ஒரே வார்த்தையைப் போட்டார்: அளக்கவில்லை. பக்கத்தில் காரணம்: வீட்டுக்கார அம்மா அன்பாகத் துடைத்துவிட்டார்.

கமிட்டி வீடியோவில் வந்தது. ஐந்து முகங்கள். காரணத்தைப் படித்ததும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வயதான உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "துடைச்ச பன்னெண்டும் இப்ப எப்படி இருக்கு?"

"அதையும் தனியா எடை போட்டுக்கினுதான் இருக்கேன் சார்."

"முடிவைப் பிறகு தெரிவிக்கிறோம்" என்றார்கள்.

5

நிதி வந்ததா?

வந்தது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. பதினைந்து வரியில் உங்களை அழவைக்கத் தெரியும் எனக்கு. நிதி வராமல், சவுரியம்மாள் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற மாதிரி எழுதினால் இன்னும் நன்றாக அழுவீர்கள்.

ஆனால் பேருந்தில் அவர் மடியில் தகடுகள் வைத்த அந்த டப்பா இருந்தது. கடிதம் இன்னும் வரவில்லை. அந்த மாத எடைக்கு நாள் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். "லெட்டர் வர்றவரைக்கும் துரு காத்துக்கினு இருக்குமா?" என்றார். என்ன மனுஷி!

அப்படிப்பட்டவர் கதையில் நான் புளுகக் கூடாது. முதல் பகுதியில் போட்ட மழையை எடுத்துவிடுங்கள். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது. மழையா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

முடிவை நீங்கள் விசாரித்து எழுதிக்கொள்ளலாம். பொம்மையார்பாளையத்தில் அந்த மாடி எதுவென்று கேட்டுப் போங்கள். தகட்டைத் தொடாதீர்கள். என்னுடைய கட்டத்தில் இவ்வளவுதான்:

மூன்றாம் வருட நிதி: அளக்கவில்லை.
காரணம்: திண்டிவனம் வந்துவிட்டது, அவர் இறங்கிவிட்டார்.