ஏழாம் மாதத்து ஷேவிங் செட்

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவள் நான். ஒன்று ஏழில், ஒன்று எட்டில். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். பூனைக்கு ஓடிப்போகக் கால் இருக்கிறது, நான் வயிற்றை எங்கே இறக்கி வைத்துவிட்டு ஓட? எந்நேரமும் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் அரியமுத்து, பெரம்பலூர் சந்தையில் பழைய இரும்புக்காரன் சாக்கிலிருந்து ஒரு ஷேவிங் செட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. எங்கள் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு மாதத் தாடி அவர் கழுத்தை மறைத்துக்கொண்டு கிடந்தது.

எதற்கு இது என்று கேட்டேன். நல்ல சாமானாகத் தெரிந்தது, சுத்தம் பண்ணி வைக்கலாம் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சோறு போடுவதற்குள் உண்மையைக் கறந்துவிட்டேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு வாட்ச்மேன் எடுக்கிறார்களாம், நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். தாடி வைத்தவன் வரிசைக்கே வரக்கூடாது என்று ஆள் எடுக்கிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் முடி வெட்டுகிற பெரியசாமியோ, பிள்ளைத்தாய்ச்சி புருஷனுக்குக் கத்தி வைத்தால் பாவம் தன் தலையில் விழும் என்று கும்பிடு போட்டுவிட்டார். டவுன் சலூன் திறக்க எட்டு மணியாகும். முந்தின நாளே எடுத்துவிட்டு வந்தாலோ, என் மாமியார் கொளஞ்சியம்மாள் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்துவிடுவார். அதனால்தான் இந்த ஏற்பாடு.

கல் உடைக்கிற பிழைப்பே நமக்குப் போதும் என்று சொன்னேன், அழுதேன், திட்டினேன். அவர் பாட்டுக்குக் கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெயை ஊற்றி அந்தச் சனியனை ஊறப்போட்டார்.

அதுவும் லேசில் மசியவில்லை. எந்த மகராசன் வைத்திருந்ததோ, தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சோப்பு காய்ந்து இறுகித் திருகு அசையவே இல்லை. அப்படியே உடைந்து தொலையட்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார், கிறீச்சென்று கழன்றது. மொத்தம் மூன்று துண்டு. பிளேடை மூடுகிற மேல்தகடு, சீப்புப் பல் வைத்த அடித்தகடு, கைப்பிடி. வெந்நீரில் போட்டுச் சோப்புக் கட்டியை இளக்கினார். பல் இடுக்கில் ஏறியிருந்த துருவை என் தையல் ஊசியை எடுத்தே சுரண்டினார். சாம்பல் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும் என்று புளியை நீர்க்கக் கரைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அவர் அங்கே கரைத்த புளி என் வயிற்றிலும் கரைந்தது.

மூன்றாம் நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. திருகு கழன்ற நேரம்தான் காரணமோ என்று நினைத்து நினைத்து வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். மத்தியானம் குவாரியிலிருந்து வந்து கஞ்சி குடித்துப் படுத்த பிறகுதான் ஒரு உதை விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தகடுகளைப் பார்த்துவிட்டார். மகனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூணாவது குழியும் தோண்டணுமாடா?"

அதற்கு மேல் அவர் மகனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து பிளேடு மாட்டிப் பார்த்தார். அடித்தகடு லேசாக வளைந்திருந்ததால் பிளேடு ஒரு பக்கம் அதிகம் துருத்தியது. அம்மியில் துணி விரித்துக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி நிமிர்த்தினார். பிறகு கெண்டைக்காலில் ஒரு விரல் அகலத்துக்கு மழித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. புதுசு தோற்றுப்போகும் போல இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கருக்கலிலேயே மாமியார் தண்ணீருக்குப் போய்விட்டார். இவர் கொல்லையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செட்டைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு கீழே வைத்துவிட்டார்.

"முடியல புள்ள. இதுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா என்னாலதான்னு சாவுற மட்டும் அறுக்கும். வேலை போனா போவுது. கெளம்பு, குவாரிக்கு நேரமாவுது."

நான் ஜெயித்துவிட்டேன். நாலு நாளாக இதற்குத்தானே மல்லுக்கு நின்றேன், சந்தோஷம் வரவேண்டுமே, வரவில்லை. குவாரி என்ற சொல் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. நானும்தானே போக வேண்டும். அவர் உடைக்க நான் சுமக்க, ஜோடியாகப் போனால்தான் கூலி. முதல் பிள்ளை, சுண்ணாம்புக்கல் கூடையைத் தலைக்கு ஏற்றிய இடத்திலேயே கலைந்தது. இரண்டாவது, கூடையோடு மேடு ஏறும்போது. இரண்டு தடவையும் இவர் தாடி இப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மயிர் குறையவில்லை.

இது எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும். என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

"ரெண்டு தடவையும் தாடியோடதான மாமா இருந்தீங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து செட்டை வாங்கிக்கொண்டேன்.

"குடுங்க இப்புடி. நான் எடுக்குறேன். பாவம்னா எனக்கே வரட்டும்."

முதலில் கத்தரிக்கோலால் தாடியை ஒட்ட வெட்டினேன். சோப்பு நுரை போட்டுக் காதோரம் ஆரம்பித்தேன். வயிறு நடுவில் இடித்ததால் எட்டி எட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமல், ஒன்றுமில்லை, இழு என்றார். மிச்சத்தையும் இழுத்து முடித்தேன். அவர் முகத்தைக் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கொல்லையெல்லாம் முடி. பெருக்கலாம் என்று துடைப்பத்தை எடுக்கும்போது மாமியார் குடத்தோடு வந்து நின்றார். தரையைப் பார்த்தார். ஈரம் காயாத ஷேவிங் செட்டைப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"நான்தான் அத்தை எடுத்தேன். அவருக்கு இந்த வேலை கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, இனிமே நான் கூடை தூக்க மாட்டேன்."

அடிதான் விழப்போகிறது என்று வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்தார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் தன் கையால் குழி தோண்டியவர் அவர்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், கிட்டே வந்து துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குனியாத. நவுரு," என்று சொல்லிவிட்டு, மகனின் முடியை அவரே கூட்டி அள்ள ஆரம்பித்தார்.