நெருப்பில்லாத அறை

"தன் கவனக்குறைவால்" என்ற சொற்களை மட்டும் ஹெர்விக் சற்று வேகமாக வாசித்தார். கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் அறையில் குடியிருப்போர் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். "நமது கட்டடப் பராமரிப்பாளர் எங்கல்பெர்ட், ஜனவரி பதினான்காம் தேதி, தன் கவனக்குறைவால் எரிபொருள் அறையில் உயிரிழந்தார்." பதிவேட்டில் என் கணவனுக்கு அந்த ஒரு வாக்கியம்தான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. பதினோரு வருடமாகிறது. அந்த வேகம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் இருபத்திரண்டு வீடுகளுக்கும் வெந்நீரும், சுவர் ரேடியேட்டர்கள் வழியே அறைச் சூடும் கீழ்த்தளத்துக் கொதிகலனிலிருந்துதான் வந்தன. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள் அதில் எரியும். கூடவே ஒரு சிறிய என்ஜின். அது தரும் மின்சாரத்தில் மாடிப்படி விளக்குகளும் லிஃப்டும் ஓடின. மூர் ஆற்றங்கரையில் இப்படி ஒரு கட்டடம் இதுதான் முதல் என்று பத்திரிகைக்காரர்கள் வந்து படமெடுத்தபோது, சங்கத் தலைவர் ஹெர்விக் கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். தினமும் சாம்பல் அள்ளியவனின் தோள் மட்டும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது.

அந்த ஜனவரிப் பதினான்காம் தேதி குளிர் மைனஸ் பதினாறு டிகிரி. முந்தின நாள்தான் லாரி வந்து, ஆறு டன் புதுக் குச்சிகளை எரிபொருள் அறைக்குள் குழாய் வழியாக ஊதி நிரப்பிவிட்டுப் போயிருந்தது. காலையில், குச்சிகளைக் கொதிகலனுக்குத் தள்ளும் திருகு சிக்கிக்கொண்டது. எட்டு மணிக்குள் பதினோரு பேர் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்கள். "ரேடியேட்டர் செத்த நாய் மூக்கு மாதிரி சில்லுனு இருக்கு. உன் புருஷன் இன்னும் தூங்குறானா?" என்றாள் மூன்றாம் மாடிக்காரி. எங்கல்பெர்ட்டுக்கும் அது கேட்டது. "அவளுக்கு எதுக்கு ரேடியேட்டர்? அந்த வாய்ச் சூடே நாலு வீட்டுக்குப் போதும்" என்று மீதி ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு இறங்கினான்.

கொதிகலனை அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டான். விஷவாயுக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. நெருப்பு இருந்தால்தானே வாயு வரும். அவன் அப்படித்தான் நம்பினான், நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம். கருவி மாட்டியிருந்தது கொதிகலன் இருக்கும் பக்கம். ரப்பர் விளிம்பு வைத்த கதவுக்கு அப்பால், எரியாமல் சும்மா கிடக்கும் புதுக் குச்சிகள் தாமாகவே அந்த வாயுவைக் கசியவிடும் என்பது அதற்குத் தெரியாது. மனிதனின் மூக்குக்கும் தெரியாது. பச்சை மரம் அறுத்த வாசனை மட்டும் வரும்.

ஃபிளாஸ்க்கில் தேநீரோடு நான் போனபோது, திறந்த கதவுக்குள் அவனுடைய பூட்ஸ் இரண்டும் தெரிந்தன. தலையை உள்ளே நீட்டிக் கூப்பிட்டேன். அப்படியே கதவோரம் சரிந்தேன். எதிர்வீட்டு சீக்மார், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அதற்காக அவரை நான் நெடுநாள் மன்னிக்கவில்லை.

"ஆட்சேபணை இல்லேன்னா கை தூக்குங்க, முடிச்சுடலாம்" என்றார் ஹெர்விக், கூட்டத்தில் அந்த வாக்கியத்தை வாசித்து முடித்ததும்.

"இருக்கு. அக்டோபர் கூட்டத்துப் பக்கத்தை வாசிங்க" என்றேன்.

"ரோஸ்வித்தா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா அது வேற விஷயம். கால் மணி நேரம் கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் உள்ள போகணும்னு கதவுலயே ஒட்டியிருக்கு."

"திறந்துதான் வச்சான். காத்து எந்த வழியா வரும்? சொல்லுங்க."

எரிபொருள் அறைக்கு வெளிச்சுவரில் இரண்டு காற்றுத் துளைகள் உண்டு. சரியாக ஹெர்விக் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே. குழம்பு, ரொட்டி எல்லாம் மரப்பட்டறை வாசனை அடிக்கிறது என்று அக்டோபரில் அவர் புகார் வைத்தார். அறை மூச்சு விட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, துளைகளை மூடக் கூடாது என்று எங்கல்பெர்ட் எழுந்து சொன்னான். "எரியாத மரம் மூச்சு விடுமா, எங்கல்பெர்ட்?" என்றார் ஹெர்விக். அறையே சிரித்தது. மறுநாள் துளைகளை ஒட்டு நாடாவால் மூடியது அவன்தான். சம்பளக்காரன், வேறென்ன செய்வான்?

"மரம் மூச்சு விடுமான்னு கேட்டீங்க" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, நான் அடக்கவில்லை. "விட்டுச்சு. இப்ப அன்னைக்கு மூடச் சொல்லிக் கை தூக்கினவங்க எல்லாரும் தூக்குங்க. எத்தனை கைன்னு எழுதுங்க. அப்புறம் கவனக்குறைவைப் பத்திப் பேசலாம்."

மூன்றாம் மாடிக்காரி தன் கோட்டுப் பொத்தான்களை ஆராய்ந்தாள். முதலில் என் கையைத் தூக்கினேன். ஆமாம், நானும் ஓட்டுப் போட்டிருந்தேன். அடுப்பில் சூப் இருந்தது, கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக. அந்தக் கையை வெட்டிப்போட வழியில்லாமல் இன்றுவரை அதாலேயே சாப்பிடுகிறேன்.

"நான் அன்னைக்கு ஊர்ல இல்ல" என்றார் சீக்மார். "இருந்திருந்தா தூக்கியிருப்பேன்" என்றும் சொன்னார்.

"இது முறையில்ல" என்று ஹெர்விக் அந்த வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடப்போனார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நோட்பர்கா, திருவிழாப் பலகாரத்துக்கு மாவு பிசைந்த கையோடு அப்படியே இறங்கி வந்திருந்தாள். அந்தக் கையை மெல்ல உயர்த்தினாள். முழங்கை வரை வெள்ளை.

"நோட்பர்கா, கையக் கீழ போடு."

"என் சமையலறைக்காகத்தானே மூடினாங்க. எண்ணு."

அவர் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். கை இறங்கவில்லை. மாவு உதிர்ந்து, திறந்திருந்த பதிவேட்டில் கொட்டியது. ஹெர்விக் குனிந்து ஊதினார். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. மாவு அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவர் மறுபடி ஊதினார்.