மாப்பிள்ளையின் கோப்பு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தொழிற்சாலையில் அது தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் யார்டில் எஃகுச் சுருளை ஏற்றும்போது கிரேன்காரர் கொஞ்சம் அசந்தால் போதும், ட்ரெய்லர் மேல் தொப்பென்று விழும். பலகை உடையும், கொக்கி பிய்யும், சில நேரம் அடிச்சட்டமே விரிசல் விடும். அப்படிச் சேதமான வண்டியை நேரில் பார்த்து, அளந்து, ஒப்பந்தக்காரருக்கு நஷ்டஈடு எழுதுவதுதான் என் வேலை. நான் பார்க்கும்வரை வண்டியில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கக் கூடாது. வைத்தால் நஷ்டஈடு கிடையாது. டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ரூல்ஸ் அக்கா'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், பயம்.

அன்று காலை பதினோரு மணிக்கு, கேட்டைத் தாண்டிப் போன வண்டிகளின் சீட்டுகள் கட்டாக என் மேசைக்கு வந்தன. டீ குடித்துக்கொண்டே புரட்டினேன். ஏழாவது சீட்டில் என் தங்கை வீட்டுக்காரரின் வண்டி எண். சரக்கு இருபத்து நான்கு டன். போகும் இடம் துறைமுகம். ஓட்டுநர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது.

அது ஓடக் கூடாத வண்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் சுருள் விழுந்து அடிச்சட்டம் விரிசல் விட்ட வண்டி. படத்தோடு அவர் கொடுத்த மனு என் இழுப்பறையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில்.

ஏன் அடியில் என்றால், எல்லாம் ஒரு சிரிப்பால் வந்த வினை. மனு வந்த மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எதிரே வந்த யார்டு மேனேஜர், "என்ன மேடம், மாப்பிள்ளை வண்டிக்கு மொத மரியாதையா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து ஒருத்தர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசுவதா? கோப்பு அடியில் போனது. மாப்பிள்ளைக்குப் பிறகு மனு கொடுத்த நான்கு பேரின் வண்டிகளையும் பார்த்துவிட்டேன். ஒன்றைக் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கோப்பு மேலே வரும்போதெல்லாம் திரும்ப அடியில் செருகினேன். போன வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோதுகூட மனுவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. என்ன கௌரவமான மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள் நான்.

வண்டி எப்படியும் ஷெட்டில்தானே நிற்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது எதற்கு எடுத்தார்? பக்கத்து அறையில் வண்டிகளுக்கு முறை போடுகிற தம்பியிடம் போய்க் கேட்டேன்.

"பதினஞ்சு நாள் லோடு எடுக்கலன்னா பட்டியல்ல இருந்து பேர அடிச்சிருவோம்லக்கா. அவருக்கு இன்னிக்கித்தான் கடைசி நாள்."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே?"

நான் பார்க்காமல் வண்டியைச் சரிசெய்யக் கூடாது. சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. ஓட்டாமல் இருந்தால் பிழைப்பு போச்சு. மனுஷனை இப்படி மூன்று பக்கமும் மறித்து நிறுத்திவிட்டு நான் நேர்மையாக டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது அவர் எப்போதும் எடுக்க மாட்டார். தெரிந்தும் பதினொரு தடவை போட்டேன். கொக்கி வளைந்ததற்காக வந்திருந்த ஒரு ஒப்பந்தக்காரர், "மேடம், என்னோடது..." என்று ஆரம்பித்தார். "கொக்கிதானே வளஞ்சிச்சு, குடியா முழுகிருச்சு?" என்று பாய்ந்தேன். பாவம், அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சோற்று டப்பாவைத் திறந்தேன், மூடினேன். ஜன்னலுக்குப் போனேன், எடை மேடைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மேசையில் போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, உக்காருங்க. நீங்க நடக்கற நடைக்கு எடை மேடையே எறங்கிரும்போல" என்றார் எடை மேடைக்காரர்.

"ஒம்ம வாய மூடும்."

அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

நாலரை மணிக்கு வண்டி கேட்டுக்குள் வந்தது. காலி வண்டி. சரக்கை இறக்கிவிட்டு முழுசாக வந்து நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. அவர் இறங்குவதற்குள் நான் டார்ச்சையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டேன். மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும்.

மனுவில் விரிசல் ஆறு சென்டிமீட்டர் என்று இருந்தது. டேப்பை வைத்தேன். பத்தொன்பது.

"மாப்பிள்ளை! உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? இத வச்சுக்கிட்டா இருபத்து நாலு டன் ஏத்துனீங்க?"

அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஸ்பீடு முப்பதுக்கு மேல போகலக்கா. பள்ளம் வர்ற எடத்துலல்லாம் எறங்கிப் பாத்துட்டுத்தான் போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

"கேட்டா உங்களுக்குத்தானே சங்கடம். சொந்தக்காரன் வந்து நின்னா நாலு பேர் பேசுவாங்க."

நான் டார்ச்சை அணைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேற யாரு வண்டியாவது இருந்தா எப்பக்கா வந்திருப்பீங்க?" சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குரலில் குத்தல் இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். "மறுநாளே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் டேப்பைச் சுருட்டினேன். பிறகு கேட்டேன். "இன்னிக்கி லோடு எடுத்தது தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்குத்தான் காலையில மனசே வரல, பட்டியல்ல பேரு போனாப் போகட்டும்னு படுத்துட்டேன். அவதான் எழுப்பி அனுப்பி வச்சா."

"விரிசல் இருக்குன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். 'ஆபத்தா இருந்தா அக்கா விட்டுருவாளா? மொத ஆளா ஓடி வந்து வண்டிய நிறுத்தியிருப்பா. அவ வரலன்னா பயப்பட ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், தைரியமா போங்க'ன்னா."

வெளியே வருவதற்கு அவர் கை நீட்டினார். எனக்கு அந்தக் கையைப் பிடிக்கத் துணிவு வரவில்லை.